நிழல் பின்னால் விழுந்த நிழற்குடை

"…வெயிலுக்குன்னுதான் கட்டுனேன்னு சொல்லுதியே, அப்போ அந்த நிழலு ஏம்ல பின்னால போய் விழுது?"

பட்டறை வாசலில் நின்று அந்த அக்கா இதைக் கேட்டபோது நான் ஒரு இரும்புக் கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் அகன்ற அலுமினிய அன்னக்கூடை. விளிம்பிலிருந்து ஐஸ் தண்ணீர் கன்னத்தில் வடிந்து கழுத்து ஜெபமாலையை நனைத்துக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை. ஒரு கை கூடைக்கு, இன்னொரு கை என்னைத் திட்டுவதற்கு.

"கூடைய இறக்குக்கா, பேசுவோம்."

"இறக்கத்தான வந்திருக்கேன்."

இரும்புத்தூள் கிடந்த தரையில் கூடையை இறக்கி வைத்தாள். உள்ளே சாளை மீன். ஐஸ் முக்கால்வாசி கரைந்துவிட்டது. ஒரு மீனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, கட்டைவிரலால் வயிற்றை அமுக்கினாள். அமுங்கிய இடம் திரும்பி எழவில்லை.

"மூணு நாளு. மூணு நாளா ஒண்ணு இருவது பஸ்சு என்னைப் பாக்காமப் போறான். இன்னைக்கு ஓடிப்போயி பின்பக்கத் தகரத்தைத் தட்டுனேன். தட்டத் தட்டப் போறான். இனி இதை எவனுக்கு விக்க? நீயே குழம்பு வச்சுத் தின்னு."

நிழற்குடையைக் கட்டியது நான்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் இந்த மாதிரித் தகவலுக்குத் தந்தி வேண்டாம். ஒரு டீக்கடை போதும்.

அவள் ஊரின் வடக்கே கடற்கரையில் இருக்கிற திரேஸ்புரத்துக்காரி. காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஊரின் தெற்குக் கோடிக்கு வந்து, திருச்செந்தூர் சாலையில் நின்று ஒன்று இருபது டவுன் பஸ்ஸைப் பிடிப்பாள். அந்தப் பஸ் கொஞ்ச தூரம் தெற்கே போய், பிறகு மேற்கே திரும்பி ஆற்றங்கரை ஊர்களுக்குள் போகும். நெல் விளைகிற ஊர்கள். என் சித்தி வாழ்க்கைப்பட்டிருப்பது அதில் ஒன்றில். அந்த வீட்டுக் குழம்புச் சட்டியில் பத்து வருடமாக விழுகிற மீன் இவள் கொண்டுபோகிற மீன்தான். ஒன்று இருபதை விட்டால் அடுத்த பஸ் நாலு மணிக்கு. அது போய்ச் சேரும்போது அந்த ஊர்களில் அடுப்பு மூட்டியிருப்பார்கள், அல்லது மீன் கெட்டிருக்கும். இப்போது புதிதாக ஒருத்தன் பைக்கின் பின்னால் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு அதே ஊர்களுக்குள் வர ஆரம்பித்திருந்தான். ஆக, அவள் பஸ்ஸை விடுவதென்றால் வாடிக்கை வீடுகளை ஒவ்வொன்றாக அவனுக்கு விடுவது.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்று தோன்றியதால் கூடுதலாகவே வந்தது.

"டிராயிங் நான் போட்டதா? மெட்ராஸ்ல இருந்து வந்தது. நான் பத்தவச்சேன், அவ்வளவுதான்."

"பத்த வச்சவன்தாம்ல நீ. நல்லாப் பத்த வச்சிருக்க. உக்காந்து பாரு, தெரியும்."

கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வரைபடத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். மாசி மாதம் காண்ட்ராக்டர் அதை என் செல்போனுக்கு அனுப்பினார். வளைந்த கூரை, ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கை, யாரும் படுத்துவிடாதபடி இருக்கைக்கு இருக்கை ஒரு கைப்பிடி, முதுகுப் பக்கம் விளம்பரப் பலகை. ஓரத்தில் ஒரு மரம். மரத்தடியில் கோட்டுப் போட்ட ஒருத்தன் கையில் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். எங்கள் ஊரில் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவனை நான் பார்த்ததில்லை. மரம் இருந்தது. அதை வெட்டித்தான் நிழற்குடைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மீதியை இரும்பிடம் படித்தேன். இரும்பு வெயிலில் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி மாதம் பட்டறை முற்றத்தில் கிடக்கிற ஆங்கிள் இரும்பை வெறுங்கையால் தொட்டுவிட்டுத் துள்ளியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்த இருக்கைகளை முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். அதன்மேல் ஒரு மனிதன் உட்காருவான் என்ற நினைப்பே ஓடவில்லை. பளபளப்பு நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டுமானால் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் போய் நின்றேன்.

சாலை வடக்கு தெற்காகப் போகிறது. தெற்கே போகிற பஸ்ஸுக்கான நிறுத்தம் சாலையின் கிழக்கு ஓரத்தில், மேற்கைப் பார்த்து இருக்கிறது. உச்சி சாய்ந்ததும் வெயில் நேரே முன்பக்கமாக உள்ளே நுழைகிறது. கூடவே கச்சான் காற்று, மேற்கேயிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு. கூரையின் நிழலும் விளம்பரப் பலகையின் நிழலும் நிழற்குடைக்கு முதுகுப்பக்கம், சாக்கடையை ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்கு விழுந்து கிடந்தன. அந்தப் பாயில் ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக, சுவரொட்டியை ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால், "பயணியர் நிழற்குடை" என்று பெரிதாக எழுதிய இடத்தில், ஈ காக்கை இல்லை.

வடக்கேயிருந்து வருகிற டிரைவருக்குத் தெரிவது காலியான ஒரு கூடாரம். அவன் எதற்கு நிறுத்துவான்? பின்னாலிருப்பவர்கள் சத்தம் கேட்டு, பலகையைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு ஓடிவருவதற்குள் பஸ்ஸின் முதுகைத்தான் பார்க்க முடியும். வெறுங்கையோடு இருப்பவர்கள் ஓடிப் பிடித்துவிடுகிறார்கள். தலையில் கூடையிருப்பவள் எங்கே ஓடுவது?

நான்தான் கட்டினேன் என்று ஒருவருக்குத் தெரிந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற பேச்சைப் பொறுக்கிவைப்பதில் எனக்கு ஆசை உண்டு. அன்றைக்குக் குனியாமலே கிடைத்தது.

"உக்காந்தா பொரிச்ச மீனு, நின்னா கருவாடு. நமக்கு எது வேணும்னு நம்மளே எடுத்துக்கிடலாம்" என்றாள் உப்பளத்து வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண்.

"ஐப்பசி வரட்டும், இன்னும் வேடிக்கை இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்றவள். "பின்னால அடியில முழங்கால் உசரத்துக்குத் தொறந்து விட்டு வச்சிருக்கான் பாரு. வாடைக்காத்து மழையோட நாயி மாதிரி அது வழியா நுழைஞ்சு வரும். மேல வேகும், கீழ நனையும்."

"இவன் பெண்டாட்டிய ஒருநாள் இங்கன கொண்டாந்து உக்கார வைக்கச் சொல்லணும்" என்றது இன்னொரு குரல்.

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். முன்பக்கம் ஒரு தடுப்பு, இருக்கைக்குப் பலகை, பின்னால் அடிவரைக்கும் அடைப்பு, எல்லாம் என் கைச்செலவிலேயே செய்துதருகிறேன் என்றேன்.

"பில்லுக்குப் போட்டோ எடுத்தாச்சுவே" என்றார்.

"ஜனம் வேகுது அண்ணாச்சி."

"வெயில் காலத்துல வேகத்தான் செய்யும். நான் என்ன சூரியனுக்கா காண்ட்ராக்ட் எடுத்திருக்கேன்? போட்டோவுல இருக்க மாதிரிதான் அது இருக்கணும். நீ கைய வச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா உம்மேல புகார் குடுக்கறது நானாத்தான் இருப்பேன்."

போனை வைத்தபோது, செய்தே தீருவது என்று முடிவு பண்ணியிருந்தேன். வீம்புதான். அந்த அக்காவுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

உடைத்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் பலகைகள் பட்டறைக்குப் பின்னால் கிடந்தன. வெயில் எவ்வளவு அடித்தாலும் மரம் இரும்பு மாதிரிச் சுடாது. இருக்கைக்கு அதுதான். முன்பக்கத்துக்கு இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். வெயிலை மறைக்கச் சுவர் வைத்தால் பஸ் தெரியாது. சுவர் வைக்காவிட்டால் பழைய கதை. கடைசியில், கூரையிலிருந்து தரைவரை பலகைகளை நட்டுக்குத்தலாக வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் வடக்கே பார்க்கத் திருப்பிவைத்தேன், பாதி திறந்த கதவுகள் மாதிரி. மேற்கேயிருந்து வெயிலுக்கும் கச்சானுக்கும் அது சுவர். வடக்கேயிருந்து வருகிற டிரைவருக்கு அது திறந்த வாசல். உள்ளே இருப்பவன் பஸ்ஸைப் பார்க்கலாம், பஸ்காரன் இவனைப் பார்க்கலாம். ஏறி இறங்க நடுவில் இரண்டு வழி.

இந்த இடம் வரைக்கும் எனக்கு என் மேல் குறையில்லை. குறை வந்தது நாளைத் தேர்ந்தெடுத்ததில்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்துக்கொண்டேன். ஞாயிறு வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. ஏலம் இல்லை, மீன் இல்லை, மீன்காரப் பெண்கள் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் முடித்துவிட்டு, திங்கட்கிழமை வந்து பார்த்து வாயடைத்து நிற்கட்டும் என்று நினைத்தேன். யாருக்காகக் கட்டுகிறேனோ அவளில்லாத நாளாகப் பார்த்துக் கட்டினேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவள் இல்லை. ஆனால் அவர் இருந்தார். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற, ஏதோ ஒரு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் நாலாக மடித்த பேப்பர். பலகை ஏற ஏற உள்ளே நிழல் நிறைவதைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது. கூலிங் பேப்பர் ஒட்டிய மாதிரி இருக்கிறது என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

"எல்லாம் பிரமாதம் தம்பி. ஒரே ஒரு காரியம். இந்த மீன் கூடைகள்தான். தண்ணி ஒழுகுது, ஈ மொய்க்குது, பொம்பளைப் பிள்ளைக சேலையெல்லாம் நாத்தம். அவங்களுக்கும் சங்கடந்தான, எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கும்போது? அவங்களுக்குன்னு தனியா ஒரு தடுப்பு வச்சிருப்பா. அவங்களும் நிம்மதியா நிப்பாங்க."

நல்ல யோசனையாகப் பட்டது. இன்னொரு ஆளும் ஆமாம் போட்டார். கச்சான் தென்மேற்கேயிருந்து வருகிற காற்று, தெற்குக் கோடியில் வைத்தால் மீன் வாடை எல்லோர் மேலும் அடிக்கும், அதனால் வடக்குக் கோடியில் வை என்று பெரியவரே கணக்குச் சொன்னார். வைத்தேன். வேண்டாவெறுப்பாக அல்ல, பிரியமாகவே வைத்தேன். இடுப்புக்கு மேல் உயரத்துக்குத் தகரத் தடுப்பு. கூடையை இறக்கிவைக்க, குனிந்து நிமிர வேண்டாதபடி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கடப்பாக்கல். கீழே தண்ணீர் வடிய ஒரு பாத்தி. கைகழுவ, பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து கெஞ்சி வாங்கிய ஒரு குழாய். போல்ட் போட்டால் எவனாவது கழற்றிக்கொண்டு போவான் என்று, தடுப்பைத் தூணோடு சேர்த்துப் பற்றவைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கே போய் நின்றுகொண்டேன், பாராட்டு வாங்க.

அவள் வந்தாள். கூடையோடு நின்றவாக்கில் மேலும் கீழும் பார்த்தாள். பலகைகளைப் பார்த்தாள். தடுப்பைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தாங்க்கா. கல்லு பாரு, பைப்பு பாரு. வெயிலு ஒரு பொட்டுக்கூட அடிக்காது."

"எனக்குக் கொட்டடியா?"

"அப்படி இல்லக்கா…"

"மாட்டுக்குக்கூட வீட்டுப் பக்கத்துலதாம்ல கட்டுவாங்க. என்னைய ஏன்ல ஓரத்துல கட்டுத?"

பெரியவர் உள்ளே பலகையில் உட்கார்ந்து பேப்பர் விரித்திருந்தார். "ஏம்மா, நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கார். ஒரு நன்றி சொல்லணும்" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீனுக்கு நிழல் வேண்டியிருந்தது. கூடையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நின்றாள். மற்றவர்கள் சற்று முன்னால் வந்த திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்கள். ஒன்று இருபது வந்தது. வடக்கே பார்க்கத் திருப்பிய பலகைகள் வேலை செய்தன. டிரைவருக்கு எல்லாம் தெரிந்தது. முதலில், வாசலிலேயே, தனியாக, ஒரு மீன் கூடையும் ஒரு பெண்ணும். அதற்கப்பால் ஒரு வெள்ளை வேட்டி, அதுவும் பேப்பரை ஆட்டிப் போ போ என்கிறது. பெரியவர் எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருப்பவர் அல்ல. அவர் காற்று வாங்க வருகிறவர். வருகிற பஸ்ஸெல்லாம் தனக்காக வீணாக நின்றுவிடக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில் ஒவ்வொன்றையும் கையாட்டி அனுப்பிவைப்பார்.

டிரைவர் கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது. படியில் நின்ற கண்டக்டர், "ஓசி டிக்கெட்டு, அதுல கூடை வேற" என்று சிரித்துக்கொண்டே போனான். நாங்கள் புழுதியில் நின்றோம்.

அவள் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"முன்னையாவது ஆளோட ஆளா நின்னேன். ரெண்டு பேருக்கு நடுவுல நின்னா அவனுக்கு நானும் ஒரு டிக்கெட்டு. நிறுத்தின பொறவுதான் கூடையப் பாப்பான், ரெண்டு வசவு வைவான், ஏறிக்கிடுவேன். இப்போ நீ என்னைய எடுத்து முன்னால மாட்டி வச்சிருக்க, மீனு இங்கன இருக்கு, நிறுத்தாதன்னு. போர்டு ஒண்ணுதான் எழுதல."

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அன்றைக்குச் சித்தி போனில் வேறு எதற்கோ பேசினாள். பேச்சோடு பேச்சாக, "மீன்காரி வரக்காணோம்ல. இங்க பைக்குல ஒருத்தன் வாரான். வாசல்லயே நிறுத்திச் செவுளைத் தூக்கிக் காட்டுதான். இனி அவன்கிட்டயே வாங்கிக்கிடலாம்னு பாக்கேன்" என்றாள். ரெண்டு நாள் பொறு சித்தி என்றேன். எதற்கு என்றாள். போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் வைத்த தடுப்பு, நானே அறுத்து எடுத்துவிடுவது. நாலு இடத்தில் அறுத்தால் முடிந்தது, கால்மணி நேரம்.

பெரியவர் எழுந்து தடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று நாளில் அவரோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ஊரில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது, நான் கட்டியது அப்படி. நால்வரில் ஒருவருக்கும் பஸ் ஏறுகிற வேலை இல்லை.

"என்ன பண்ணப் போறீங்க?"

"இதை எடுக்கப் போறேன் சார். பஸ்சு நிக்க மாட்டேங்குது."

"பஸ் நிக்கலைன்னா டிப்போவுல புகார் குடுக்கணும். பொதுச்சொத்தை அறுக்கப்படாது."

"நான் வச்சதுதான சார்?"

"வச்சுட்டீங்கல்ல? அப்போ அது பொதுச்சொத்து."

அவர் என்னோடு பேசிக்கொண்டே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. காண்ட்ராக்டர் சொன்னதில் பாதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பாதி இது: பலகை வைத்ததற்கே என்னைத் தூக்கி உள்ளே வைத்திருக்கலாமாம். நாலு பேர் பாராட்டி மனு எழுதியதால் தான் சும்மா இருக்கிறாராம். இப்போது அறுத்தால் இந்த ஊரில் ஒரு ஆணிகூட எனக்கு அடிக்கக் கிடைக்காதாம். அந்தப் பாராட்டு மனுவில் முதல் கையெழுத்து பெரியவருடையது. அதில் "மீன் விற்கும் தாய்மார்களுக்குத் தனி வசதி" என்று ஒரு வரி உண்டு. எனக்கே வாசித்துக் காட்டினார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். நாலு பேரை ஒதுக்கிவிட்டு அறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இதை வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ள ஒரு வாரம் முயன்று பார்த்தேன். வரவில்லை.

வியாழக்கிழமை மெஷினில்லாமல் போனேன். அவள் வருவாளா என்று பார்க்கத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்ற மூவரும் போயிருந்தார்கள். திருச்செந்தூர் பஸ் போனபிறகு பெரியவர் மட்டும் பேப்பரோடு நடுவில் இருந்தார். ஒன்றேகாலுக்கு அவள் வந்தாள். கூடை நிறைய விளைமீன், மேலே பனையோலை, ஓலைமேல் ஐஸ். நல்ல மீன். ஏலத்தில் துணிந்து எடுத்திருக்கிறாள். இன்றைக்கு ஊருக்குள் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய மீன் அது, பார்த்தாலே தெரிந்தது.

தடுப்பைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். கூடையை இறக்கிப் பெரியவருக்குப் பக்கத்தில் பலகையின்மேல் வைத்தாள்.

"ஏம்மா, அதுக்குத்தான் அங்க தனியா இருக்குல்ல?"

"இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நீரு போய் அங்கன உக்காரும்."

"நான் எதுக்கு அங்க உக்காரணும்?"

"காத்து நல்லா வரும். பைப்பு இருக்கு, மூஞ்சி கழுவிக்கிடலாம்."

"மரியாதையாப் பேசு."

"நீருன்னுதான சொல்லுதேன்? வேற எப்படிச் சொல்ல? சரி, எந்தப் பஸ்சுக்கு இருக்கீரு?"

"நான் எந்தப் பஸ்ஸுக்கும் இருப்பேன். உனக்கென்ன?"

"எத்தனையோ பஸ்சு போச்சு, ஒண்ணுகூட உம்மள ஏத்திக்கிட்டுப் போகலயே. உம்மகிட்டயும் மீனு நாத்தம் அடிக்கோ?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். இவங்களுக்கு இடங்குடுத்தா…" என்று ஆரம்பித்து, கூடையின் விளிம்பில் கைவைத்துத் தள்ளப் பார்த்தார். ஐஸ் தண்ணீர் அவர் வேட்டியில் ஒரு கோடாக ஓடியது. "அடச்சீ!"

"அவர் சொல்லுதத விடுக்கா. நான் அந்தத் தடுப்ப எடுத்துருதேன். ஒரு ரெண்டு நாள்…" என்றேன்.

"நீ பேசாத." என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அவராவது ஆகாதுன்னு நேரா மூஞ்சிக்கு முன்னால சொல்லுதாரு. நீ கல்லு போட்டு, பைப்பு போட்டுல்லா சொன்ன."

அப்போது பலகைகளுக்கு நடுவே வடக்கே பஸ் தெரிந்தது. வளைவு திரும்பி வருகிறது. பெரியவர் வழக்கம்போலப் பேப்பரை எடுத்து, கையைத் தூக்கினார்.

"இந்தாரும், ஒரு நிமிசம் பிடியும்" என்றாள் அவள். கூடையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

பேப்பர் அடியில் போயிற்று. விட்டால் ஐஸும் மீனும் வேட்டிமேல் சரியும். இரண்டு கையாலும் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆட்டுவதற்குக் கை இல்லை. "ஏய்! எடு! எடுங்கறேன்!" என்று அவர் போட்ட சத்தம் கச்சான் காற்றில் வடகிழக்கே போய்விட்டது. டிரைவருக்குத் தெரிந்தது ஒரு கௌரவமான பெரியவர் மடியில் சாமானோடு பஸ்ஸுக்குத் தயாராக உட்கார்ந்திருப்பது. அவள் பலகைகளுக்கு நடுவே வெளியே போய் ஓரமாக நின்றாள், அவருக்கு வழிவிடுபவள் மாதிரி.

பஸ் நின்றது.

உள்ளே வந்தாள். நான் பெரியவர் மடியிலிருந்த கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிடப் போனேன். முழங்கையால் என் கையைத் தட்டினாள். கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்து, கூடையைத் தானே இடுப்புக்கு ஏற்றி, இடுப்பிலிருந்து படிக்கட்டுக்கு ஏற்றினாள். கண்டக்டர் ஏதோ சொன்னான். அதைவிட நீளமாக அவள் ஏதோ சொன்னாள். கூடையைச் சீட்டுக்கடியில் காலால் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நாங்கள் இருக்கிற பக்கம். வெயில் அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

ஷட்டரை இழுத்து இறக்கினாள்.